உத்திரமேரூரில் நான் குறித்த ‘இல்லை’

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்தில் ஒரு அம்மா கூடையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்:

“பயம் துன்றியாமா?”

நான் மலேசியாவில், தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள். பயத்தைத் தின்பது பற்றி எந்த ஆசிரியரும் சொல்லித் தந்ததில்லை. அவர் கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து, முந்தானையில் துடைத்து நீட்டியபோதுதான் இந்தப் பக்கத்தில் பழம் ‘பயம்’ ஆகிவிடுகிறது என்று புரிந்தது. வாங்கித் தின்றேன். நல்ல இனிப்பு. ஆனாலும் கேள்வி ஆளறிந்து கேட்டது போலத்தான் இருந்தது. விமானம் ஏறியதிலிருந்து எனக்கு உள்ளுக்குள் உதறிக்கொண்டேதான் இருந்தது.

காரணம் இதுதான். நான் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஊசி போடத் தெரியாதவள். மாரடைப்பு யாருக்கு வருகிறது, ஓர் ஊரில் ஏன் அதிகம், இன்னோர் ஊரில் ஏன் குறைவு, வராமல் தடுக்க என்ன வழி என்று எண்களை வைத்துப் பார்ப்பது என் வேலை. ஆயிரக்கணக்கான மனிதர்களின் இதயங்களைப் பற்றிக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். ஒருவருடைய நாடியைக்கூடப் பிடித்துப் பார்த்ததில்லை. முனைவர் பட்டம் முடித்த எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கு நடக்கும் பயிற்சியில், இந்த முறை மூன்று வாரம் கிராமத்தில் வீடு வீடாகப் போய் நாங்களே கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தெரியாத வீட்டுக்குள் போகப் பயம். தெரு நாய்களுக்குப் பயம். எல்லாவற்றையும் விட, என்னை அசல் டாக்டர் என்று நம்பி யாராவது எதையாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். அறையில் எனக்கு முன்பே வந்திருந்தவர் உகாண்டாவிலிருந்து வந்த கிரேஸ். ஆய்வுக்கு வருவதற்கு முன் பத்து வருடம் செவிலியாக இருந்தவர். கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். “உனக்குப் பயமாக இருக்கிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். “எனக்கு இருக்கிறது. இருந்தால்தான் கை கவனமாக இருக்கும்” என்று சொல்லி எனக்கும் ஒரு பிடி கடலை கொடுத்தார்.

மறுநாள் காலை பயிற்சி தொடங்கியது. எங்கள் பயிற்சியாளர் டாக்டர் வாசுகி, இதய மருத்துவர், ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவர் முன்னால் உட்காரக் கூடுதல் பயம். கிரேஸும் நானும் ஒருவருக்கொருவர் ஈசிஜி எடுத்துப் பழகினோம். இரத்த அழுத்தம் பார்க்கப் பழகினோம். பிறகு டேப்லெட்டில் இருந்த கேள்விப் படிவத்தைத் திறந்தோம்.

“ஒரு எழுத்து மாத்தாம கேளுங்க. ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டா ஒரு ஊரை இன்னொரு ஊரோட ஒப்பிட முடியாது” என்றார் வாசுகி.

எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியவள் நான்தான். தைப்பிங்கில் என் மேசையில் உட்கார்ந்து, அகராதியைப் புரட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்து எழுதினேன். அங்குள்ள ஏரிக்கரையில், மழைமரம் என்று நாங்கள் சொல்லும் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே நடந்துகொண்டே அவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அழகான தமிழ் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அஞ்சலை அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் குடை, ஒரு கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையைத் தின்னாமல் குப்பையில் போடுகிறார்கள் என்பது எல்லாம் அவருக்குத் தெரியும்.

“பசியாறிட்டீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

அவர் முழித்தார். “எனக்கு இன்னா பசி மேடம்?”

“காலையில சாப்பிட்டாச்சான்னு கேட்டேன்.”

“ஓ, நாஷ்டாவா! அத்த சொல்றீங்களா? ஆச்சி ஆச்சி.”

எங்கள் ஊரில் பசியாறுவது என்றால் காலை உணவு. இங்கே அது நாஷ்டா. ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு வாழ்க்கை என்று நான் சிரித்தேன். அங்கேயே கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம்.

முதல் நாள் களப்பணி ஒரு கிராமத்தின் ஓரம், ஏரிக்கரைக்குப் பின்னால் இருந்த இருளர் குடியிருப்பில். சில தொகுப்பு வீடுகள், சில தார்ப்பாய்க் குடிசைகள். மழை தூறிக்கொண்டிருந்ததால் வேலைக்குப் போகாமல் பலர் வீட்டில் இருந்தார்கள். மூன்றாவதாக நாங்கள் போனது கன்னியப்பன் வீடு. நாற்பத்திரண்டு வயது. சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டி லாரியில் ஏற்றும் கூலி. மெலிந்த, முறுக்கேறிய உடம்பு. அவர் மனைவி மல்லிகா எங்களுக்குப் பாய் விரித்து வரக்காப்பி கொடுத்தார்.

நான் டேப்லெட்டைப் பார்த்து வாசித்தேன். “நடக்கும்போதோ மேடு ஏறும்போதோ உங்களுக்கு நெஞ்சு வலி வந்ததுண்டா?”

“வலியா? அதெல்லாம் ஒன்னும் இல்லமா.”

“ஒரு தடவைகூட?”

“வலி இல்லமா. கட்டை தூக்கிக்கினு மேடு ஏறுனா இங்க கல்ல வெச்ச மாரி அடைக்குது. செத்த நின்னா பூடும். கேஸ்தான். ஒரு சோடா குடிச்சா சரியா பூடும்.”

திரையில் இரண்டே கட்டங்கள். ஆம். இல்லை. அவர் இரண்டு முறை வலி இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரு எழுத்து மாற்றாதே என்று எனக்கு உத்தரவு. ‘இல்லை’யைத் தொட்டேன். நெஞ்சு பற்றிய மற்ற கேள்விகள் தாமாகவே மறைந்து, புகையிலை பற்றிய பக்கம் வந்தது. ‘ஆம்’ என்றால்தான் அன்றே ஈசிஜி எடுப்போம். இயந்திரம் பையிலேயே இருந்தது.

எழுந்தபோது அவர் கேட்டார்: “டாக்டரம்மா, எனக்கு ஒன்னும் இல்லியே?”

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. மருத்துவர் இல்லை நான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில், சிரித்துக்கொண்டே, “ஒன்னும் இல்லைங்க” என்றேன். அவர் முகம் தெளிந்தது. எனக்கும் தப்பித்தோம் என்றிருந்தது.

மறுநாள் காலையும் மழை விடவில்லை. தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர்; இன்று வருமா வராதா என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். அந்த மழை மத்தியானம் வந்து, கொட்டி, போய்விடும். இங்கே அது வந்து உட்கார்ந்துகொண்டது.

இட்லி சாப்பிட்டு முடித்ததும் வாசுகி எங்களை வட்டமாக உட்காரச் சொன்னார். “டேப்லெட்டை மூடி வைங்க. நேத்துப் பார்த்த மனுஷங்களைப் பத்திச் சொல்லுங்க. நம்பர் வேண்டாம்” என்றார். கிரேஸ் தான் கண்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். என் முறை வந்தது. நான் கன்னியப்பனைப் பற்றிச் சொன்னேன். வரக்காப்பி, பாய், சவுக்குத் தோப்பு. பேச்சு சுவையாக இருக்கட்டும் என்று அவர் சொன்ன கல்லையும் சோடாவையும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

வாசுகியின் பேனா நின்றது. “என்ன சொன்னார்? மறுபடி சொல்லுங்க.”

சொன்னேன்.

“நின்னா சரியாகுதா?”

“ஆமாம் மேடம்.”

“எத்தனை நாளா?”

“கேக்கலை.”

“ஈசிஜி?”

“எடுக்கலை” என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டை மட்டும் மூடினார். “தர்ஷினி, அதுதான் நெஞ்சு வலி. நிறையப் பேர் அதை வலின்னு சொல்லமாட்டாங்க. கிளம்புங்க. அவரைக் கண்டுபிடிச்சு ஈசிஜி எடுங்க. புள்ளலூர்ல இன்னொரு குழு காத்திருக்கு, நான் அங்க போறேன். ஃபோனை கையிலேயே வெச்சிருப்பேன்.”

ஈசிஜி பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

கிரேஸும் அஞ்சலை அக்காவும் நானும் ஏறிய வேன் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மல்லிகா தனியாக இருந்தார். “அவுரு விடியகாத்தாலயே லாரில போய்ட்டாரே. பெருநகர் பக்கம் தோப்பு. இன்னாத்துக்கு மேடம்?”

“ஒரு டெஸ்ட் உட்டுப் போச்சி மல்லிகா. ஃபோனு எடுத்துக்கினு போனாரா?” என்று கேட்டார் அஞ்சலை அக்கா.

மல்லிகா மாடத்தைக் காட்டினார். ஃபோன் அங்கே இருந்தது.

பெருநகர் என்ற ஊருக்குப் போகும் சாலையில் இருபுறமும் வயல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. ஒரு ஏரி நிரம்பி, கோடி என்று இங்கே சொல்லும் வடிகால் வழியாக உபரிநீர் சாலைமேல் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் மெதுவாக ஓட்டிக் கடந்தார். முதல் தோப்பில் யாருமில்லை. சேற்றில் லாரித் தடம் மட்டும். ஒரு டீக்கடையில் நிறுத்திக் கேட்டோம். “சவுக்கு லாரியா? காலைல இப்டித்தான் போச்சி. ரெண்டாவது தோப்புல லோடு ஏத்திக்கினு கீறாங்க” என்றார் டீ ஆற்றியவர். கிரேஸ் என் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தார். ‘கேஸ்தான், கேஸாகத்தான் இருக்கும்’ என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இரண்டாவது தோப்பில் லாரி நின்றது. நான்கு பேர் கட்டைகளைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி சோடா பாட்டில். மழையில் எல்லோரும்தான் நனைந்திருந்தார்கள். ஆனால் அவர் முகத்தில் வழிந்தது மழை இல்லை என்று கிரேஸ் பார்த்தவுடனே கண்டுகொண்டார். குனிந்து மணிக்கட்டைப் பிடித்தார். “சில்லென்று இருக்கிறார்” என்றார் என்னிடம்.

“இன்னா கன்னியப்பா, காலைலேர்ந்தா?” என்றார் அஞ்சலை அக்கா.

“இப்பத்தான்கா. இன்னிக்கி கேஸ் எறங்க மாட்டன்னுது.”

வேனின் பின்சீட்டில் படுக்க வைத்தோம். மார்பை என் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து ஈசிஜி வயர்களின் ஒட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தோம். ஈரத்தில் ஒட்டவே மாட்டேன் என்றது. காகிதம் நகர ஆரம்பித்தது. கட்டுரைகளில் எத்தனையோ முறை பார்த்த படம்தான். கோடு கீழே இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சிக்னல் இல்லை. காகிதத்தைப் படம் எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. மேட்டின் உச்சியில் சிக்னல் கிடைத்து, வாசுகிக்குப் படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த நிமிடம் வாசுகி அழைத்தார்.

“மாரடைப்பு. இப்போ நடந்துக்கிட்டிருக்கு. மருந்துப் பெட்டில இருக்கிற ஆஸ்பிரினை மென்னு முழுங்கச் சொல்லுங்க. அங்கேயே ஆம்புலன்சுக்குக் காத்திருக்காதீங்க. கிளம்புங்க, எதிரே வரச் சொல்றேன். அவரை ஒரு அடி கூட நடக்க விடாதீங்க.”

நான் திரும்பி ஓடி வந்தபோது கன்னியப்பன் எழுந்து உட்கார்ந்து ஒட்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரிலாம் வாணாம்மா. எங்கப்பன அங்க கூட்டிக்கினு போனோம், பொணமாத்தான் வந்தாரு. வூட்டுக்குப் போயி படுத்தா சரியா பூடும்.”

“இல்லைங்க, இது பெரிய பிரச்சினை. உடனே போகணும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். புரியாமல் கேட்டார்: “நேத்து நீதானமா ஒன்னும் இல்லன்னு சொன்ன?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“தப்பாச் சொல்லிட்டேங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எனக்குத்தான் புரியல. நான் மருந்து கொடுக்கிற டாக்டரும் இல்லை. இப்ப சொல்றது என் பேச்சு இல்லை, பெரிய டாக்டர் பேச்சு. தயவுசெஞ்சு வாங்க.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் கையிலிருந்த ஒட்டைக் கீழே போட்டார். பிறகு மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

திரும்பும் வழியில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. இரண்டு பைக்குகள் நடுவில் நின்று போயிருந்தன. ஓட்டுநர் பிரேக்கைப் போட்டார். “இதுல எறக்குனா என்ஜின் ஆஃப் ஆய்டும் மேடம். நடுவுல மாட்டிக்குவோம்.” எதிர்க்கரையில் ஆம்புலன்சின் நீல விளக்கு சுற்றுவது மழைக்குள் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அங்கு போக முடியாமல் நிற்பதைப் போல ஒரு பயத்தை நான் அதற்கு முன்பு அறிந்ததில்லை.

அஞ்சலை அக்கா குடையை வீசிவிட்டு இறங்கி ஓடினார். வயல் ஓரத்தில் டிராக்டரோடு நின்றிருந்த ஒரு விவசாயியை அழைத்துக்கொண்டு வந்தார். ஓட்டுநர், பைக்காரர்கள் இருவர், அந்த விவசாயி, நால்வருமாகக் கன்னியப்பனைத் தூக்கி டிரெய்லரில் ஏற்றினார்கள். அந்த நேரத்திலும் அவர் ஓரமாக நகர்ந்து ஒடுங்கப் பார்த்தார். “நடுவுல படுடா! இன்னா மருவாதி இப்போ?” என்று கத்தினார் டிராக்டர்காரர்.

தண்ணீரின் நடுவில் டிராக்டர் ஒருமுறை திணறியது. கன்னியப்பன் என் கையை இறுகப் பிடித்தார். நகம் பதிந்தது. கிரேஸ் என்னிடம், “பேசிக்கொண்டே இரு. அவரைத் தூங்க விடாதே” என்றார். என்ன பேசுவது? எனக்கு வாயில் வந்தது, “இந்தத் தண்ணியில மீன் இருக்குமாங்க?” என்ற கேள்விதான்.

“கோடி போச்சின்னா கெளுத்தி ஏறும்மா” என்றார் கண்ணைத் திறக்காமலே. “எதிர்த்துக்கினு ஏறும். வல கூட வாணாம். கூடய வெச்சி அள்ளலாம். இன்னிக்கி செம்மயா ஏறும்... நான்தான் இல்ல.”

டிராக்டர் கரையேறியது.

ஆம்புலன்சில் கிரேஸ் உள்ளே ஏறிக்கொண்டார். நானும் அஞ்சலை அக்காவும் வேறு வண்டி பிடித்துச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போனோம். அங்கே தாழ்வாரத்தில் கிரேஸ் நின்றிருந்தார். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். என் ஒற்றைக் காலில் செருப்பில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அஞ்சலை அக்கா ஃபோனில் சொல்லியிருந்ததால், மத்தியானம் தாண்டி மல்லிகா வந்தார். இரண்டு பஸ் மாறி, நனைந்த புடவையோடு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நேரே என்னிடம் வந்தார். “பொயச்சிக்குவாரா மேடம்?”

அந்தக் கேள்விக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லும் வசதி இப்போது என்னிடம் இல்லை. “தெரியலம்மா” என்றேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான்கு மணி வாக்கில் ஒரு இளம் மருத்துவர் வெளியே வந்து கன்னியப்பனின் ஆட்கள் யார் என்று கேட்டார். நாங்கள் நான்கு பேரும் எழுந்தோம். அடைப்பைத் திறந்தாயிற்று, பிழைத்துவிட்டார், ஆனால் இதயத் தசை கொஞ்சம் கெட்டுவிட்டது, இனி பாரம் தூக்கக் கூடாது என்றார். மல்லிகா கையெடுத்துக் கும்பிட்டார். மருத்துவர் போனதும் தரையைப் பார்த்தபடி, “பாரம் தூக்காத அவுரு இன்னாதான் செய்வாரு?” என்றார்.

மறுநாள் வாசுகி முன்னால் போய் நின்றேன். படிவத்தை எழுதியவள் நான் என்று சொன்னேன். ஊருக்குத் திரும்பிவிடவா என்றும் கேட்டேன்.

“உங்க தமிழ்ல தப்பில்லை. படிவத்தைப் பார்த்து சரின்னு கையெழுத்துப் போட்டவ நான். ஒரு எழுத்து மாத்தாதீங்கன்னு சொன்னதும் நான்தான். ரெண்டு பேரும் உக்காருவோம்” என்றார். பிறகு அஞ்சலை அக்காவை அழைத்து எங்களுக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார். “இந்த ஊர்ல நெஞ்சுல பிரச்சினைன்னா என்னென்ன வார்த்தை சொல்வாங்க?”

அக்கா விரலை மடக்கினார். அடைக்குது. கரிக்குது. அமுக்குது. மூச்சு முட்டுது. பொம்பளைங்க சோர்வா கீதுன்னு மட்டும் சொல்லுவாங்க. சிலர் தாடை வலிக்குதுன்னு பல் டாக்டர்கிட்ட போவாங்க. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்று பக்கம் வந்தது.

அடுத்த நான்கு நாட்கள், நானும் மற்ற குழுக்களும் ‘இல்லை’ என்று குறித்த வீடுகளுக்கெல்லாம் மறுபடியும் போனோம். ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் மனதில் ஒரே கேள்வி. இந்த வீட்டில் யாரை விட்டோம்? மூன்று பேருடைய பதில் மாறியது. மூவரையும் வாசுகியிடம் அனுப்பினோம். அவர்களுக்கு நேரத்தோடு சிகிச்சை தொடங்கியது.

கடைசி வீட்டை முடித்துவிட்டு உத்திரமேரூர் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றோம். மழை ஓய்ந்து வெயில் வந்திருந்தது. கிரேஸ் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அஞ்சலை அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார்.

“மேடம், அந்தப் புதுக் கேள்விய எங்கிட்ட ஒருவாட்டி கேளுங்களேன்.”

“எதுக்கு அக்கா? உங்களுக்கு மனப்பாடமாச்சே.”

“சும்மா கேளுங்க.”

கேட்டேன். “நடந்தா, வேலை செஞ்சா, நெஞ்சுல அடைக்கிற மாதிரி, அமுக்குற மாதிரி, கரிக்கிற மாதிரி ஏதாச்சும் ஆவுதா?”

அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஊரெல்லாம் கேட்டுக்கினு வரேன். எங்கிட்ட யாரும் கேட்டதில்ல” என்றார். அப்புறம் சொன்னார்: “அமுக்குது மேடம். போன மாசத்துலேர்ந்து. இப்பகூட.”

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க, ஏறுங்க என்றார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் படுக்க வைக்க இடம் கேட்டு, எதிரே இருந்த வீட்டின் கதவைத் தட்டத் திரும்பினேன். கிரேஸுக்கு எதையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே ஈசிஜி பையைத் திறந்துகொண்டிருந்தார்.